நாய் பேசிய கடைசிப் பக்கம்

போன வாரம் என் மகன் பெங்களூரிலிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். வெளிநாட்டில் ஏதோ ஒரு பறக்கும் வீரனின் படக்கதைக்காக ஓவியர் கையால் வரைந்த அசல் பக்கம் ஒன்று ஏலத்தில் போயிருக்கிறதாம். ஒரே ஒரு பக்கம். போன விலைக்கு ராஜபாளையத்தில் ஒரு தெருவையே வாங்கி, அதற்கு நம் பெயரையும் வைத்துக்கொள்ளலாம். செய்திக்குக் கீழே, "அப்பா, உங்க தகரப் பெட்டியில இருக்கிறதும் இதானே?" என்று கேட்டிருந்தான். இத்தனை வருஷமாக "அந்தக் குப்பை" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் முதல் முறையாக மரியாதையுடன் பெட்டி என்று சொல்லியிருந்தான்.

பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதைக் குனிந்து இழுப்பது இப்போதெல்லாம் ஒரு நாள் வேலை. குனிய அரை நாள், நிமிர அரை நாள். மூடியைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. மைதாப் பசையும் மயில்துத்தமும் கலந்த வாடை. மயில் கழுத்து நீலத்தில் கல் கல்லாக இருக்குமே, அதுதான் துத்தம். பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை போட்டால் பூச்சி அண்டாது. மற்றவர்களுக்கு இளமைக்காலம் என்றால் மல்லிகைப்பூ, முதல் மழை என்று ஏதாவது மணக்கும். எனக்குப் பூச்சி மருந்துதான் மணக்கிறது. அவரவர் வாங்கி வந்த வரம்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மில்களுக்கு லேபிள், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அடிக்கும் சின்ன அச்சகம். முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களைத் திட்டும்போது தமிழ் பேசுவார். அவருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. "லேபிள் அடிச்சே சாகணுமா? நாமளும் ஒரு படக்கதைப் புஸ்தகம் போடுவோம்" என்றார். கதையும் அவரே. வீரனின் பெயர் செம்பருந்து. செம்மண் நிறப் போர்வை தோளில் பறக்க வானத்தில் போவான். அட்டையைத் தவிர எல்லாமே கறுப்பு வெள்ளை என்பதால், போர்வை செம்மண் நிறம் என்பதை ஒவ்வொரு இதழிலும் யாராவது ஒரு பாத்திரம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. "அதோ பார், செம்மண் நிறப் போர்வை!"

படம் வரைந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்காரர். கடைப் பெயர்ப்பலகை, கட்சிச் சுவர், கோயில் வாகனம் என்று எதற்கும் வர்ணம் பூசுவார். வெளிநாட்டு வீரர்களைப் பார்த்து, கால்சட்டைக்கு மேல் ஜட்டி போட்ட மாதிரிதான் முதலில் செம்பருந்தையும் வரைந்து வந்தார். முதலாளி பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "பொம்பளைப் பிள்ளைங்க படிக்கிற வீடு. இடுப்புல ஒரு துண்டக் கட்டி விடுங்க." ஆகவே உலகத்திலேயே இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு பறந்த ஒரே வீரன் எங்கள் செம்பருந்துதான். பார்த்தால் உலகத்தைக் காப்பாற்றப் போகிறவன் மாதிரி இருக்காது. பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவன் மாதிரி இருக்கும்.

ஓவியர் ஊரைத் தாண்டிப் போனதில்லை. மாநகரம் வரையச் சொன்னால் மில் புகைபோக்கிகளை வரைவார். கதையில் மிக உயரமான கட்டடம் எது என்று பார்த்தால், ஆண்டாள் கோயில் கோபுரத்துக்குப் பொம்மைகளை எடுத்துவிட்டு ஜன்னல் வைத்த மாதிரி இருக்கும். வில்லன் டாக்டர் கந்தகம் வளர்த்த கொடூரமான வேட்டை நாய்க்கு எங்கள் ஊர் நாயின் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும். கொடூரமாக வரையத்தான் அவர் முயன்றார். ஆனால் அந்த நாய் எந்தக் கட்டத்திலும் "சாப்பிட்டியா?" என்று கேட்கிற முகத்தோடுதான் நின்றது.

என் உத்தியோகத்தைச் சொல்லவில்லையே. ஓவியர் கெட்டி அட்டையில் கறுப்பு மையால் பக்கத்தை வரைந்து, வசனம் வரும் வட்டங்களை மட்டும் காலியாக விட்டுத் தருவார். அந்த வட்டத்துக்குப் பலூன் என்று பெயர். வசனத்தை அச்சகத்தில் ஈய எழுத்தில் கோத்து, வழவழப்பான தாளில் ஒரு நகல் எடுத்து, கத்தரியால் சின்னச் சின்னச் சீட்டுகளாக வெட்டுவார்கள். எந்தச் சீட்டு எந்தப் பலூனுக்கு என்று முதலாளி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, நான் பசை தடவி ஒட்டுவேன். அப்புறம் பக்கம் சிவகாசிக்குப் போய், மை தடவி அச்சடிக்கிற உலோகத் தகடாக, பிளாக் ஆகி வரும். எழுத்தாளன் ஆக வேண்டும் என்று கனவு கண்டவன் நான். கனவு பாதி பலித்தது. எழுத்து வேறு ஆளுடையது, ஒட்டுகிற வேலை என்னுடையது.

வாசகர் கடிதங்களுக்கு "ஆசிரியர் பதில்" எழுதுவதும் என் தலையில்தான். கடிதங்கள் எல்லாம் கூட்டமாக வந்துவிடவில்லை. பாதியை நானே எழுதி நானே பதிலும் சொல்லிக்கொள்வேன். நிஜமாக வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஆளுடையவை. வைத்தியநாதன், வனத்துறை, செண்பகத்தோப்பு. ஒவ்வோர் இதழிலும் ஒரு பிழை கண்டுபிடிப்பார். "சென்ற இதழில் செம்பருந்துக்கு இடது கையில் ஆறு விரல் இருக்கிறது. இது புதிய சக்தியா?" புதிய சக்திதான் என்று ஆசிரியர் பதில் எழுதினேன்.

ஒரு நாள் காக்கிச் சட்டையும் மீசையுமாக ஒருவர் அச்சக வாசலில் வந்து நின்றார். நான் முழங்கை வரை பசையோடு இருந்தேன்.

"ஆசிரியரப் பாக்கணும்."

"நான்தான்."

"வெளையாடாதலே. நான் யூனிபார்மோட வந்திருக்கேன்."

"நானும் யூனிபார்மோடதான் அண்ணாச்சி இருக்கேன்" என்று கையைக் காட்டினேன். செத்த நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆறு விரலு புதிய சக்தின்னு எழுதுனது நீதானா?" என்றார். ஆமாம் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். வைத்தியநாதன் அன்றிலிருந்து எனக்கு வைத்தி அண்ணாச்சி.

அவர் வந்தது கதை பேச மட்டும் இல்லை. வரைந்த பக்கங்கள் அச்சானபின் என்ன ஆகின்றன என்று கேட்டார். கூட்டிப்போய்க் காட்டினேன். கட்டிங் மெஷினின் கத்திக்கு அடியில் மெத்தையாகச் சில பக்கங்கள். லேபிள் கட்டுகள் கசங்காமல் இருக்க மேலும் கீழும் சில பக்கங்கள். ஒன்றில் செம்பருந்து பறந்துகொண்டிருக்க, அவன் வயிற்றின் குறுக்கே கத்தி நூறு தடவை இறங்கியிருந்தது. அண்ணாச்சி அதைக் கையில் எடுத்து, வேட்டையில் அடிபட்ட மிளா மானைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "டாக்டர் கந்தகம் வேற எங்கயும் இல்லலே. உங்க முதலாளிதான்" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது எங்கள் இருவருக்கும் அந்தக் கிறுக்கு. நான் முதலாளியைக் கேட்டேன். "எடுத்துட்டுப் போயி அடுப்பெரி" என்றார், சந்தோஷமாக. கத்திக்கு அடியிலிருந்து உருவினேன். ஏற்கனவே லேபிள் கட்டோடு போனவற்றை மில் மில்லாகத் தேடிப் போனோம். ஒரு பக்கம் பரோட்டாக் கடை கல்லாவுக்குப் பின்னால் ஈரச் சுவரை மறைத்துக்கொண்டிருந்தது. இன்னொன்று வத்திராயிருப்புப் பஸ்ஸில் டிரைவர் இருக்கைக்கு அடியில் சூடு தாங்கக் கிடந்தது. "ஏலே, இது என்ன ராசா காலத்துப் பட்டயமா?" என்று டிரைவர் சிரித்தார். அண்ணாச்சி பதிலுக்கு ஒரு புது அட்டையை மடித்து அங்கே வைத்துவிட்டுத்தான் பழையதை எடுத்தார். மாற்று வைக்காமல் எதையும் எடுக்கமாட்டார், காட்டில் வேலை பார்த்தவர் இல்லையா.

எங்களுக்குள் போட்டியும் இருந்தது. அவர் கண்டெடுத்தது அவருடையது, நான் கண்டெடுத்தது என்னுடையது. பார்க்கலாம், தொடக்கூடாது. தொட்டுப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் கை கழுவி, கழுவின கையை வேட்டியில் துடைத்து, துடைத்ததைக் காட்ட வேண்டும். அவர் மனைவி கோதை மதினி வாசல்படியில் இருந்து பார்த்துவிட்டு, "பிள்ள பெத்த வீட்டுல கூட இம்புட்டுச் சுத்தம் கிடையாதே" என்பார்கள்.

ஓவியரிடம் மட்டும் எங்கள் சேகரிப்பைக் காட்டவே கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருந்தோம். அதற்குக் காரணம் நான்தான். ஒரு முறை ஆசையாக ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்துக் கேட்டேன். மனிதர் மூக்குக்கண்ணாடியைப் போட்டார். "அய்யய்ய, இந்தக் கை என்ன இப்பிடி இருக்கு" என்றார். நான் "சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் வெள்ளைச் சாயத்தால் கையை அழித்து, வேறு கை வரைந்து, ஊதிக் காயவைத்துத் தந்துவிட்டார். கையெழுத்தும் போட்டார். அது நல்ல கைதான். ஆனால் அந்த உடம்புக்குப் பத்து வயது மூத்த கை.

இப்படி ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் ஒரு நாள் நின்றது. விற்காத இதழ்கள் மூட்டையாகத் திரும்பி வந்துகொண்டே இருந்தன. முதலாளிக்கு அலுத்துவிட்டது. கடைசியாக வெளிவந்த இதழில் டாக்டர் கந்தகம் செம்பருந்தின் போர்வையைக் கொளுத்திவிட்டு, அவனைப் புகைபோக்கி உச்சியிலிருந்து கீழே தள்ளுவான். அடியில் "தொடரும்" என்று போட்டிருந்தது. தொடரவில்லை.

முடிவு இதழில் பாதிப் பக்கங்கள் அச்சகத்துக்கு வந்து, நானே வசனமும் ஒட்டியிருந்தேன். கீழே விழுந்த செம்பருந்து பிழைத்து, காட்டுக்குள் ஒளிந்திருப்பான். ஓவியர் அந்தக் காட்டைச் செண்பகத்தோப்பு மாதிரியே வரைந்திருந்தார். மீதிப் பாதியை அவர் வரைந்து முடிப்பதற்கும், "இனிமே வேண்டாம்" என்று முதலாளி ஆள் அனுப்புவதற்கும் சரியாக இருந்தது. அந்தப் பக்கங்கள் மடவார் வளாகத்தில் ஓவியர் வீட்டு மேற்கு ஜன்னலுக்கு வெயில் தடுப்பாகிவிட்டன. இரண்டு தெரு தள்ளி இருந்த வைத்தி அண்ணாச்சிதான் புதுத் தட்டி ஒன்று கொண்டுபோய்க் கட்டிக் கொடுத்து அவற்றை வாங்கி வந்தார்.

ஆனால் அந்தப் பாதிக்கான வசனம் எல்லாம் முன்கூட்டியே ஈய எழுத்தில் கோத்து, நகல் எடுத்து, சீட்டுகளாகவும் வெட்டியாகியிருந்தது. அது ஒரு உறையில் என்னிடம் இருந்தது. எழுதின தாளை முதலாளி தூக்கிப் போட்டுவிட்டார். எது எங்கே என்று அவரிடம் கேட்டதற்கு, "எனக்கே ஞாபகம் இல்லப்பா. மில்லுக்காரன் லேபிளக் கேட்டு உசுர எடுக்கான்" என்றார்.

ஆக, அண்ணாச்சியிடம் வாய் திறந்து நிற்கும் ஊமைப் படங்கள். என்னிடம் யார் பேசினது என்று தெரியாத பேச்சு. உறையைத் தினம் கொட்டிப் பார்ப்பேன். "ஆ!", "நில்!", "நீயா?", "ஐயோ!" என்று ஒரு குவியல். கூட்டம் கலைந்தபின் சந்தையில் கிடக்கும் சத்தம் மாதிரி இருக்கும். அதில் ஒரு சீட்டுதான் எங்களைப் படுத்தி எடுத்தது. "இனி நான் பறக்கப் போவதில்லை."

கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே படம். புகைபோக்கி உச்சியில், போர்வை இல்லாத செம்பருந்து களைத்து உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் டாக்டர் கந்தகம் விழுந்து கிடக்கிறான். இரண்டு பேரையும் பார்த்தபடி நாய். மூன்று பேருக்கும் ஒவ்வொரு பலூன். நாயினுடையதை நாங்கள் கவனிக்கவே இல்லை. "வவ்" என்று ஒரு சீட்டு இருந்தது, அது நாய்க்கு என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. மற்றப் பக்கங்களுக்கு மனசுக்குள் பங்கு போட்டது போக மிச்சம் இரண்டு சீட்டு. ஒன்று அந்தப் பறக்காத சீட்டு, மற்றது "எழுந்திரு, போகலாம்."

"செம்பருந்துதான் பறக்க மாட்டேங்கான். போர்வையும் போச்சு. ஆளும் அசந்துட்டான்" என்றேன் நான்.

"செம்பருந்து பறக்காட்டாப் பொறவு என்னத்துக்குலே செம்பருந்து? அது கந்தகம் சொல்லுதது. இவன், எழுந்திரு போகலாம்னு போலீசுக்குக் கூப்பிடுதான்."

"கந்தகம் எந்தக் காலத்துல அண்ணாச்சி பறந்தான்?"

"மூணாவது இதழ்ல பலூன்ல ஏறி வானத்துல போனான்லா?"

இப்படி மாதக்கணக்கில். ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பேன். "ஒரிஜினல்ல பசை தடவவா? கைய ஒடிப்பேன்" என்பார். விஷயம் இதுதான், நான் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். அந்த வருஷம் செண்பகத்தோப்புக்கு மேலே பாறையில் வழுக்கி அவருடைய இடது கால் முறிந்திருந்தது. எலும்பு கூடியும் நடை கூடவில்லை. மலை ஏற வேண்டாம், விருதுநகர் ஆபீசில் ஒரு மேஜை தருகிறோம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். போவதா இருப்பதா என்று அவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. செம்பருந்து பறப்பானா மாட்டானா என்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஒரு தடவை மட்டும், மதினி காதில் விழ, "அவன் பறக்கலேன்னா நானும் காக்கியக் கழட்டிட்டு மேசைக்குப் போயிருவேம்லே" என்று சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. உரலில் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். இரண்டு பேருக்கும் விடுமுறை சரஸ்வதி பூசை அன்றைக்குத்தான். என் பாதியையும் சீட்டு உறையையும் நான் கொண்டுபோவது, இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துச் சீட்டுகளைப் பசை இல்லாமல் அடுக்கிப் பார்ப்பது, முதலிலிருந்து முடிவு வரை ஒரு தடவையாவது கதையை முழுசாகப் படிப்பது.

காலையில் அச்சகத்தில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, பெட்டியோடு பஸ் ஏறினேன். மடவார் வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்து கை கழுவித் துடைத்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தால், மதினி வந்து இரண்டு கட்டுகளையும் உறையையும் அள்ளிக்கொண்டார்கள்.

"இன்னைக்கி இதத் தொறக்கக் கூடாது."

"மதினி, இது புத்தகம் இல்ல, படம்."

"எழுத்து இருக்கா?"

"இருக்கு."

"அப்பச் சரஸ்வதிதான்."

பிள்ளைகளின் பாடப் புத்தகம், அண்ணாச்சியின் டார்ச் லைட், அரிவாள், தையல் மெஷின் எல்லாவற்றோடும் செம்பருந்தும் போய் உட்கார்ந்தான். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சந்தனம் குங்குமம். மேலே கிடந்தது கடைசிப் பக்கம். அதில் ஓரத்தில் இடமில்லை என்று செம்பருந்தின் நெற்றியிலேயே வைத்துவிட்டார்கள். எங்கள் வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் கதை முழுசாக ஒரே இடத்தில் இருந்தது. அதைத் தொடக்கூடாத ஒரே நாளாகப் பார்த்து வந்திருந்தோம். இரண்டு பேரும் சுண்டலைத் தின்றுகொண்டு, பெண் பார்க்க வந்து பெண்ணைக் காட்டாத வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தோம்.

மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்துப் படித்துவிடலாம் என்று திட்டம். இரவெல்லாம் மழை. விடியும் முன்னே ஓடையில் வெள்ளம் வருகிறது என்று வனத்துறை ஜீப் வந்து அண்ணாச்சியை ஏற்றிப்போனது. எனக்கோ தீபாவளி நோட்டீஸ் வேலை. "ஞாயித்துக்கெழம வாரேன் மதினி, அப்பிடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது அண்ணாச்சி கூடத்தின் நடுவில் பக்கங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றார். எல்லாப் பலூனிலும் சீட்டு ஒட்டியிருந்தது.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

மதினி அடுக்களையிலிருந்து வரவே இல்லை. குரல் மட்டும் வந்தது. "விஜயதசமி அன்னைக்கி எதையாவது தொடங்கணும்லா? நீங்க ஜீப்புல போயிட்டிய. அவிய பஸ்ஸுல போயிட்டாவ. நான் இதத் தொடங்குனேன். தொடங்குனது முடிஞ்சு போச்சு."

"எதுக்கு எதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அளவு பாத்து ஒட்டினேன். பெரிய ஓட்டைக்குப் பெரிய துணி, சின்ன ஓட்டைக்குச் சின்னத் துணி. ஒட்டுப் போடத் தெரியாதா எனக்கு?"

அண்ணாச்சி முகம் காக்கிச் சட்டை நிறத்துக்குப் போனது. நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கத்தில் கந்தகத்தின் அடியாள் செம்பருந்தைப் பார்த்து, "மகனே, சாப்பிட வா" என்றான். செம்பருந்து ஒரு பாறையைத் தூக்கிக்கொண்டு, "ஐயோ, என் புடவை!" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சி என்னை முறைத்தபடியே பக்கத்தில் குனிந்து படித்தார். அவருக்கும் மீசைக்கு அடியில் உதறியது. கடைசிப் பக்கத்துக்கு வந்தோம்.

டாக்டர் கந்தகம் "வவ்" என்றான். பெரிய வீட்டில் ஒற்றை ஆள் குடியிருக்கிற மாதிரி அவனுடைய நீளமான பலூனின் நடுவில் அது மட்டும் இருந்தது. நெற்றியில் குங்குமத்தோடு செம்பருந்து சொன்னான், "இனி நான் பறக்கப் போவதில்லை." அதற்குக் கீழே, "சாப்பிட்டியா?" முகத்தோடு அவனையே பார்த்துக்கொண்டு நாய் சொன்னது, "எழுந்திரு, போகலாம்."

அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பச் சிரித்தார். அப்புறம் வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விருதுநகர் மேஜைக்கு வேறு யாரோ போனார்கள். அண்ணாச்சி ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு காட்டுக்கே போனார். ஓய்வு பெறும்வரை போனார்.

"பசைக்கு என்ன பண்ணுனீங்க மதினி?" என்று அன்றைக்குக் கிளம்பும்போது கேட்டேன்.

"மத்தியானச் சோறுதான். நசுக்கி ஒட்டினேன்."

"துத்தம் போடாட்டாப் பூச்சி அரிக்கும் மதினி."

"அரிக்கும்போது பாத்துக்கிடலாம். பொறவு நீங்க ரெண்டு பேரும் எதுக்குத்தான் சண்ட போடுவிய?"

மதினி போய் இரண்டு சரஸ்வதி பூசை ஆகிவிட்டது. போன மாதம் அண்ணாச்சி போன் செய்தார். "ஏலே, சீட்டெல்லாம் உதிந்து போச்சுலே."

"எந்தச் சீட்டு அண்ணாச்சி?"

"நமக்கு எத்தன சீட்டுலே இருக்கு? அவ ஒட்டுனதுதான். டிரங்குப் பெட்டிக்கு அடியில கொட்டிக் கெடக்கு. வந்து ஒட்டிக் குடு." அப்புறம் சொன்னார், "கதைக்குத் தக்கன ஒட்டிராத. அவ ஒட்டுன மாதிரியே ஒட்டு."

மைதா காய்ச்சி, துத்தம் போட்டு, ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். எந்த முடிவு சரி என்று மாதக்கணக்காகச் சண்டை போட்ட இரண்டு பேர், தப்பான முடிவைச் சரியாக ஒட்டுவதற்குத் தரையில் உட்கார்ந்தோம். உட்காருவதற்கே இரண்டு பேருக்கும் சுவர் தேவைப்பட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அண்ணாச்சியின் மகன் பட்டாளத்தில், மகள் கோயம்புத்தூரில்.

எந்தச் சீட்டு எங்கே இருந்தது என்று பாதி மறந்துவிட்டது. ஆனாலும் கஷ்டமில்லை. மதினியே வழி சொல்லியிருந்தார்கள் அல்லவா, பெரிய ஓட்டைக்குப் பெரிய துணி. பலூனுக்குள் பழைய சோற்றுக் கறையும் சீட்டு அளவுக்கே இருந்தது. சீட்டை வைத்தால் கச்சிதமாகப் பொருந்தியது. "ஐயோ, என் புடவை" போய்த் தன் பாறையிடம் சேர்ந்தது. பூச்சி தின்ன சீட்டுகள் சில, ஓரம் மட்டும் கடித்தவை சில. மாலைக்குள் கடைசிப் பக்கத்துக்கு வந்தோம்.

அங்கேதான் அளவு உதைத்தது. நாயின் பலூன் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, "வவ்"வுக்கு என்று ஓவியர் போட்டது. சோற்றுக் கறையோ பலூனைத் தாண்டி, நாயின் காதைத் தாண்டி நீளமாகப் பரவியிருந்தது. கந்தகத்தின் பெரிய பலூனில் நடுவே பொட்டு அளவுக்கு ஒரு கறை.

அண்ணாச்சி விரலால் அந்த நீளக் கறையைத் தடவிப் பார்த்தார். கை கழுவினாரா என்று நான் கேட்கவில்லை.

"அளவு பாத்து ஒட்டினேன்னாளே" என்றார்.

நான் மிச்சச் சீட்டுகளைக் கிளறினேன்.

"ஏலே, நீ பசை வேலை பாத்தவந்தான? அன்னைக்கே உனக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சிருந்தா நான் ஏன் அண்ணாச்சி பசை வேலை பாக்கேன்."

"இனி நான் பறக்கப் போவதில்லை" கிடைத்தது, ஒட்டினேன். "வவ்" கிடைத்தது, ஒட்டினேன். நாயின் சீட்டு மட்டும் இல்லை. டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து உதறினோம். வெள்ளிப் பூச்சி ஒன்று ஓடியது. வயிறு நிறைந்த பூச்சியாகத்தான் தெரிந்தது. அண்ணாச்சி கவிழ்த்த பெட்டியின் பக்கத்தில் கால் நீட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. விளக்குப் போட யாரும் எழுந்திருக்கவில்லை.

 சுவரைப் பிடித்து, முட்டி இரண்டும் முனக, நான் முதலில் நிமிர்ந்தேன். கையை நீட்டினேன். "எந்திரிங்க அண்ணாச்சி, போவோம். டீ குடிச்சிட்டு வருவோம்."

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். "வவ்" என்றார்.

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. ஈய எழுத்துகள் எடைக்குப் போய், எந்தப் பட்டறையிலோ உருகிவிட்டன. ஓவியர் வீட்டு மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாடி எழும்பிவிட்டதால் அங்கே வெயிலே வருவதில்லை. அவர் மாநகரம் என்று வரைந்த புகைபோக்கிகளில் ஒன்றோ இரண்டோதான் மிச்சம். அவற்றிலும் புகை இல்லை.

என் மகனுக்கு விஷயத்தைச் சொன்னேன். "ஒரு சீட்டுத்தானப்பா? என்ன எழுத்துன்னு சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல அதே மாதிரி அடிச்சுத் தாரேன். ஒட்டிட்டாப் பக்கம் முழுசாயிரும்" என்றான். நல்ல பிள்ளை, உதவத்தான் நினைக்கிறான். வேண்டாம் என்றேன். பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், அது இன்னொரு நாள் வேலை. நாய் என்ன சொன்னது என்று அண்ணாச்சிக்கும் எனக்கும் மனப்பாடம். அதைச் சொல்லவைத்த மதினிதான் இல்லை.